பிரித்துக் கொடுத்த தொப்பி

கொரோனா ஓய்ந்து, விமானங்கள் ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்த சமயம். ஒரு தை மாதக் கடைசியில் நான் லாவோஸ் நாட்டில், லுவாங் பிரபாங் என்ற ஊரில் இருந்தேன். கொட்டாம்பட்டியில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பம்பு கம்பெனிக்காரர்கள்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் நன்றாக விற்பனை செய்த டீலர்களைத் தாய்லாந்துக்கு அழைத்துப் போய், பக்கத்து நாடுதானே என்று லாவோஸையும் சேர்த்திருந்தார்கள். தாய்லாந்து என்றதும் ஊரில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. போன இடமெல்லாம் கோயில் கோபுரமாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

என்னோடு ஒரே அறையில் தங்கியவர் மேலூரில் இதே வியாபாரம் பார்க்கும் ஓர் அண்ணன். என்னைவிட வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர். பெயர் வேண்டாம், மேலூர் அண்ணன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் மதுரை கே.கே. நகரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். இங்கே சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த காலத்தில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வாய்ப்பாடு மனப்பாடம் செய்தவள். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து முதல் முறை உண்டானபோது, ஆசை தாங்காமல் விளக்குத்தூண் கடைவீதிக்குப் போய்க் குட்டிச் சட்டை, காலுறை, ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வந்துவிட்டாள். மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். ஆறாம் மாதத்தில் கலைந்து போனது. கொஞ்ச காலம் கழித்து இரண்டாவதும் அப்படியே போனது. அந்த முறை அவள் எதுவும் வாங்கவில்லை. ஆனால் பழைய சட்டைகள் பீரோவுக்குள் மடித்தபடி இருந்தனவே, அதுதான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் பொதுவாகவே, பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கமாட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுவது பழைய வேட்டித் துணி. அந்த வேட்டியைக்கூடப் பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் கிழிப்பார்கள். முதல் முறை அதை மீறினோம், அதனால்தான் எல்லாம் என்று அக்காவின் மனசில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது. மூன்றாவது முறை உண்டானதும் வளைகாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். பேர் யோசிக்கக்கூடாது, தொட்டில் பேச்சு எடுக்கக்கூடாது. டாக்டர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். மச்சான் சொல்லிப் பார்த்தார். நானும் என் பங்குக்கு, படித்தவள் இப்படிப் பேசலாமா என்று ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது எல்லாம் எனக்கும் தெரியுதுடா. ஆனா இன்னொரு தடவ ஒரு குட்டிச் சட்டைய எடுத்து யாருக்காச்சும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள்.

"தம்பி, அங்க போயி ஆசப்பட்டு ஒரு நூலுகூட வாங்கிட்டு வந்துறாத. எனக்கு வேணும்னா ஒரு கைப்பை வாங்கிட்டு வா."

சரிக்கா என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

லுவாங் பிரபாங்கில் பொழுது சாய்ந்ததும் ஊரின் பெரிய தெருவை மறித்துவிடுகிறார்கள். வண்டி எதுவும் வராது. தெரு நெடுகக் கூடாரம் போட்டு, தரையில் பாய் விரித்துக் கடை போடுகிறார்கள். சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு கடையிலும் பல்பு எரிய ஆரம்பித்துவிடும். அத்தனையும் கைவேலை. பூவேலை செய்த பைகள், மூங்கில் கூடைகள், கையால் செய்த காகிதத்தில் விளக்குக் கூடுகள், தறியில் நெய்த சால்வைகள். விற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆள் வந்தால் விற்பார்கள், வராவிட்டால் குனிந்து தைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, யாரும் கூவவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது, எங்கேயோ சோற்றை உருண்டை பிடித்துத் தணலில் வாட்டுகிற வாசனை. சித்திரைத் திருவிழாக் கடைகளுக்குள்ளேயே வளர்ந்த எனக்கு, இவ்வளவு கூட்டத்தில் இவ்வளவு அமைதி இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தெரு அப்படியே வந்து நிற்கிறது.

அந்த அமைதியைக் குலைக்க நம் மேலூர் அண்ணன் ஒருவர் போதும். அவருக்கு ஆங்கிலமும் வராது, அந்த ஊர் பாஷையும் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது. நேராகத் தமிழிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. மதுரைலருந்து வாரோம்ல."

கடைக்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை நீட்டுவார்கள். இவர் அதில் ஓர் எண்ணை அடித்துத் திருப்பிக் கொடுப்பார். எப்படியோ வியாபாரம் முடிந்துவிடும். அக்காவுக்கான கைப்பையையும் அவரே பேசி வாங்கிக் கொடுத்தார். நீல நிறத்தில், யானை தைத்தது.

தெருவின் பாதி தூரத்தில் ஒரு கடை. அங்கே இருந்த பெண்ணுக்கு என் அக்கா வயது இருக்கும். முதுகில் ஒரு கைக்குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு, மடியில் எதையோ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மலையில் இருந்து வருகிறவர்கள், ஹ்மாங் என்ற இனத்து மக்கள் என்று எங்கள் வழிகாட்டி பகலில் சொல்லியிருந்தார். அவர் முன்னால் வரிசையாகக் குழந்தைத் தொப்பிகள். கறுப்புத் துணியில் ரோஜா நிறம், பச்சை, மஞ்சள் என்று துண்டு துண்டாகத் துணி வைத்துத் தைத்த பூக்கள். உச்சியில் வட்டமாக ஒரு துண்டு, சுற்றிலும் ஒரு பட்டை, ஓரத்தில் கம்பளி நூல் குஞ்சங்கள், தாடைக்குக் கீழே கட்ட இரண்டு நாடா.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். என் கை முஷ்டி அளவுதான் இருந்தது. வைத்துவிட்டு நகர்ந்தேன். நாலு கடை தள்ளிப் போய்விட்டுத் திரும்ப வந்தேன். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். உள்ளபடி சொன்னால் எனக்கு அந்தத் தொப்பி வேண்டும். வருகிற பிள்ளைக்குத் தாய்மாமன் நான். மொட்டை அடிக்கவும் காது குத்தவும் என் மடியில்தான் உட்காரப் போகிறது. அதற்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்தது இதுவாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அக்காவின் குரலும் காதில் இருந்தது. ஆறாம் மாதம். இரண்டு முறையும் இதே மாதம்தான். கதையெல்லாம் நம்பாதே என்று அவளுக்குச் சொன்னவன், அந்தத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நின்றேன்.

அந்தப் பெண் என்னைக் கவனித்துவிட்டார். சந்தையில் பழகிய ஆங்கிலத்தில், "பேபி? பாய்? கேர்ள்?" என்று கேட்டார்.

பேபி இல்லை என்று தலையாட்டினேன். பிறகு எதற்குத் தொப்பியை இப்படித் தடவிக்கொண்டிருக்கிறாய் என்பதுபோல் பார்த்தார். சிஸ்டர் என்று சொல்லி, என் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன். மேலூர் அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாப்ள, ஒனக்கே மாசமா இருக்கமாரி இருக்குடா."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, தொப்பியைப் பையில் போடப் போனார். நான் அவசரமாகத் தடுத்தேன். இப்போது வேண்டாம், பிறந்த பிறகுதான் வாங்குவோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டார். எப்படிச் சொல்வது. இரண்டு விரலைக் காட்டினேன். "டூ பேபி. கான்," என்றேன். போய்விட்டன என்று கையை மேலே காட்டினேன். அக்காவுக்கு இரண்டு முறை அப்படி ஆனபோதும் ஆஸ்பத்திரியில் நான்தான் நின்றேன். அப்போதெல்லாம் வராத அழுகை, பாஷை தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு லேசாகத் திரும்பித் தன் முதுகில் தூங்கும் பிள்ளையைக் காட்டினார். அதன் தலையிலும் அதே மாதிரி ஒரு தொப்பி. வானத்தைக் காட்டினார், தன் இரண்டு கண்ணையும் தொட்டார், பிறகு பிள்ளையின் தலையைக் காட்டி, "ஃப்ளவர், ஒன்லி ஃப்ளவர்," என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. மேலே இருந்து பார்க்கிற கெட்ட கண்ணுக்கு அங்கே பிள்ளை தெரியாது, பூ மட்டும்தான் தெரியும். நாம் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துப் பிள்ளையின் அழகைக் கெடுத்துக் காட்டுகிறோம். அவர்கள் பிள்ளையைப் பூவாக்கி ஒளித்து வைக்கிறார்கள். பயம் என்னவோ ஒரே பயம்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்த அனுபவத்தை எழுதவே காரணம். நான் ஆசைப்பட்டு எடுத்த அதே தொப்பியை மடியில் வைத்தார். ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, உச்சி வட்டத்தையும் பட்டையையும் சேர்த்த தையலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். கையில் எடுத்து எடுத்து வைத்ததில் கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மேலூர் அண்ணனும், "ஏத்தா, ஏன் கிழிக்கிற," என்று பதறிப்போனார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாடாக்களையும் பிரித்தார். பூவேலை எதுவும் கெடாமல், தொப்பியாக இருந்தது இரண்டு துணித் துண்டாக அவர் கையில் கிடந்தது.

அதை விரித்து என்னிடம் காட்டினார். "நோ ஹேட்," என்றார். "நோ பேபி. ஒன்லி க்ளாத்."

பிறகு அதே நிறத்தில் கொஞ்சம் நூலை எடுத்து ஓர் அட்டைத் துண்டில் சுற்றினார். பிள்ளையைக் கையில் தாலாட்டுவதுபோல் காட்டி, அதற்குப் பிறகு தைப்பதுபோல் காட்டினார். பிள்ளை வரட்டும், அப்புறம் தைத்துக்கொள்.

எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து தைத்ததோ, அதைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். அதோடு விடவில்லை. இரண்டு துண்டையும் ஒரே பையில் போடவும் அவருக்கு மனமில்லை. உச்சி வட்டத்தையும் நூலையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். பட்டையையும் நாடாவையும் வேறொரு பையில் போட்டு, மேலூர் அண்ணனிடம் நீட்டினார். ஒன்றாக இருந்தால்தானே தொப்பி.

அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கினார். விலையைக் கேட்டுக் கொடுத்தோம். அன்றைக்கு அவர் பேரம் பேசாத ஒரே கடை அதுதான்.

விமானத்தில் வரும்போது அண்ணன், தான் வாங்கிய சாமான்களை எல்லாம் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, அந்தப் பையை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"பெட்டி எங்கிட்டாவது தொலஞ்சு போச்சுன்னா? ஒங்க அக்கா பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் கைப்பையை மட்டும் கொடுத்தேன். யானை நன்றாக இருக்கிறது என்றாள். துணியைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை, மச்சானிடமும் சொல்லவில்லை. என் பாதி கொட்டாம்பட்டிக் கடையில், கல்லாவுக்குக் கீழே இருந்தது. இன்னொரு பாதி மேலூரில், அண்ணன் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே. அதற்கு முன் வியாபாரத்துக்காக மட்டும் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுவார். மோட்டார் விலை கேட்பார், பைப் வந்துவிட்டதா என்பார், போனை வைக்கப் போகும்போது மெதுவாக, "அக்கா நல்லா இருக்குல்ல மாப்ள?" என்பார். அக்காவை அவர் அதுவரை பார்த்ததுகூடக் கிடையாது. பயந்துகொண்டே இருந்த நாட்கள்தான் அவை. ஆனாலும் இப்போது நினைக்கும்போது ஏனோ அந்தப் போன் அழைப்புகளுக்காகவே மனசு ஏங்குகிறது.

ஆறாம் மாதம் தாண்டியது. ஏழும் தாண்டியது. பங்குனியில் ஒரு நாள் காலையில் அக்காவுக்குத் திடீரென்று வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாள் நிறையும் முன்பே பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூச்சு சீராகும் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அக்கா கட்டிலில் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேலூர் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் அந்தப் பை துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பிள்ளைதான் பிறந்துவிட்டதே, கொடுங்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பொறு மாப்ள. வீட்டுக்கு வரட்டும். அம்புட்டு நாள் பொறுத்தோம்ல."

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை கிடந்த நாட்களை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. சித்திரை பிறந்த பிறகு ஒரு பகலில், நல்ல வெயிலில், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மச்சானின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தோம். மேலூர் அண்ணனும் வந்திருந்தார். அன்றைக்குத்தான் இரண்டு பையையும் அக்காவுக்கு முன்னால் வைத்து, நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். சொல்லாமல் வாங்கி வந்ததற்குத் திட்டப் போகிறாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அக்கா இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தாள். வெட்டிய நூலின் துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள தன் கையாலயே பிரிச்சுச்சாடா?"

ஆமாக்கா என்றேன்.

"இதத் தைக்க எம்புட்டு நாளாயிருக்கும்," என்றாள். அதற்குப் பிறகு அழ ஆரம்பித்தாள். இரண்டு முறை இழந்தபோதும், பெட்டிக்குள் பிள்ளை கிடந்தபோதும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. மேலூர் அண்ணன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்.

தான்தான் தைப்பேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். கணக்கு டீச்சருக்குத் தையல் வராது. கோணல் மாணலாக ஓடியது, ஒரு நாடா முன்னாலும் ஒரு நாடா பின்னாலும் போய்விட்டது. மச்சான் உதவிக்கு வந்தபோது முறைத்தாள். முடித்ததும் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். தொப்பி கண்ணை மறைத்தது. சித்திரை வெயிலில் கம்பளிக் குஞ்சம் வைத்த தொப்பி. பிள்ளை வீட்டையே இரண்டாக்குகிற மாதிரி கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

மருமகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மேலூர் அண்ணனைப் பெரியப்பா என்று கூப்பிட்டு அவர் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். எனக்குத்தான் ஒரு குறை தீரவே இல்லை. பயப்படாதே என்று அக்காவுக்குச் சொல்ல நாங்கள் இத்தனை பேர் இருந்தோம், நானும் அதையேதான் சொன்னேன். அந்தப் பெண் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பயத்தையும் கெடுக்காமல், ஆசையையும் கெடுக்காமல், இரண்டையும் பத்திரமாகக் கையில் கொடுத்து அனுப்பினார். அவர் பேர் எனக்குத் தெரியாது, எந்த மலையில் இருந்து வந்தார் என்றும் தெரியாது, இந்தப் பிள்ளை பிறந்தது அவருக்கும் தெரியாது. என்றைக்காவது ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் போய், அந்தப் பாய்க்கு முன்னால் உட்கார்ந்து, 'தைச்சாச்சும்மா' என்று அவரிடம் சொல்லிவிட மாட்டோமா என்று இன்றும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.